மருந்து ஏன் பிடிக்காமல் போகிறது: புரத விகாரத்தைக் கணினியில் கணக்கிடுவது பற்றி

கிளிநொச்சி அறிவியல் நகரில் கணினிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிற தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். மலேரியா ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தில் அமினோ அமிலம் ஒன்றைப் பைமோல் என்ற புரதப் பட நிரலில் மாற்றி, மருந்து புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று புள்ளி போடுகிற ஓட்டோடொக் வினா நிரலில் ஓட்டிப் பார்த்து, புள்ளி குறைந்தால் "இந்த விகாரம் மருந்துக்கு எதிர்ப்பைத் தருகிறது" என்று திட்ட அறிக்கையில் எழுதலாமா என்பது முதல் கேள்வி. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கிற அல்பாஃபோல்ட் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று வழிகாட்டுகிற ஆசிரியர் சொல்கிறாராம், அது சரியா என்பது இரண்டாவது. கையில் இருப்பது 8 ஜிபி லப்டொப் ஒன்றுதான், அதை வைத்து என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. மருந்தே புரதமாக இருந்தால் என்ன என்றும் கடைசியில் கேட்டிருந்தார்.

வினாவின் புள்ளியை மட்டும் வைத்து எழுத வேண்டாம், தங்கச்சி. அல்பாஃபோல்ட் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. லப்டொப் போதும், ஆனால் பாதித் தூரத்துக்குத்தான். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், நீளமாகத்தான் போகும்.

மலேரியாவை எடுத்தது நல்லது. வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு அது புத்தகத்தில் படித்த நோய் இல்லை. காய்ச்சல் என்று போனால் முதல் வேலையே விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுப்பதுதான். 1999இல் நாடு முழுவதும் 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் மலேரியா பதிவானது, அதில் பெரும்பங்கு போர் நடந்த வடக்கு கிழக்கில். இங்கேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016 செப்டெம்பரில். உங்கள் வயதுப் பிள்ளைகள் குளோரோகுவினின் கசப்பை அறியாமலே வளர்ந்துவிட்டீர்கள். அந்தக் குளோரோகுவின் ஃபல்சிபாரம் வகைக்குப் பிடிக்காமல் போகத் தொடங்கியது இங்கே 1980களில். அப்போது இரண்டாவதாகக் கையில் எடுத்தது சல்ஃபடொக்சினும் பிரிமெத்தமினும் சேர்ந்த மாத்திரை. நீங்கள் எடுத்திருக்கிற புரதம் இந்தப் பிரிமெத்தமினின் இலக்குத்தான்: டைஐதரோஃபோலேட் ரிடக்டேஸ், சுருக்கமாக டிஎச்எஃப்ஆர். ஒட்டுண்ணி தன் டிஎன்ஏயைக் கட்டத் தேவையான ஃபோலேட்டைச் சரிப்படுத்திக் கொடுக்கிற நொதியம் அது. அதன் வாயில் மருந்து போய் இருந்துவிட்டால் ஒட்டுண்ணியால் பெருக முடியாது.

இதில் எந்த விகாரங்கள் எதிர்ப்பைத் தருகின்றன என்பது ஏற்கெனவே தெரியும். 108ஆம் இடத்துச் செரீன் அஸ்பராஜினாக மாறுவதுதான் முதல் அடி. அதற்குமேல் 51இல் அஸ்பராஜின் ஐசோலியூசினாகவும், 59இல் சிஸ்டீன் அர்ஜினினாகவும், கடைசியில் 164இல் ஐசோலியூசின் லியூசினாகவும் மாறும். நாலும் சேர்ந்தால் பிரிமெத்தமினின் பிடி பல நூறு மடங்கு தளர்ந்துவிடும். விடை தெரிந்த கணக்காச்சே, பிறகு ஏன் செய்வது என்று நினைக்கலாம். விடை தெரிந்திருப்பதால்தான் இது நல்ல திட்டம். உங்கள் முறை சரியா பிழையா என்று சொல்லத் தெரிந்த ஒரே சாட்சி அந்த விடைதான்.

இனி வினாவுக்கு வருவோம். பைமோலில் 108ஐ அஸ்பராஜினாக மாற்றும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். பக்கச்சங்கிலி மட்டும் மாறும், அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கலாம் என்று நாலைந்து நிலைகளைக் காட்டும், இடிக்கிற இடத்தில் சிவப்பு வட்டுகள் தோன்றும். முதுகெலும்புச் சங்கிலி அசையாது, பக்கத்தில் இருக்கிற அமினோ அமிலங்களும் அசையாது. உயிருள்ள புரதம் அப்படிச் சும்மா இருக்காது, புதிதாக ஒருவர் வந்தால் சுற்றியிருப்பவர் எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி இடம் பார்ப்பார்கள். அந்த ஒதுங்கலைக் கணக்கில் எடுக்காத கட்டமைப்பில் மருந்தைப் பொருத்தி வினா ஒரு எண் தருகிறது. எதிர்க்குறியோடு எண் எவ்வளவு பெரிதோ பிடி அவ்வளவு இறுக்கம். -8.4 என்று இருந்தது -8.1 ஆனது என்று வைப்போம். 0.3 குறைந்தது என்று எழுதிவிடலாமா?

அந்த எண்ணின் அர்த்தத்தைப் பார்க்க வேண்டும். உயர்தர இரசாயனவியலில் கிப்ஸ் சக்திக்கும் சமநிலை மாறிலிக்கும் உள்ள தொடர்பைப் படித்திருப்பீர்கள், அதே சமன்பாடுதான் இங்கேயும். அறை வெப்பநிலையில் பிடி 10 மடங்கு தளர்ந்தால் கிப்ஸ் சக்தியில் வித்தியாசம் மோலுக்கு ஏறத்தாழ 1.4 கிலோகலோரி, உங்கள் பாடப்புத்தக அலகில் 5.7 கிலோயூல். 100 மடங்கு என்றால் 2.7 கிலோகலோரி. மருத்துவத்தில் பெரிய விஷயமாகிற மாற்றம் கணக்கில் வெறும் 1 முதல் 4 கிலோகலோரிதான். வினா போன்ற பொருத்தல் நிரல்களின் சராசரிப் பிழையோ 2 முதல் 3 கிலோகலோரி. நெல் ஏற்றின உழவு இயந்திரப் பெட்டியை லொறித் தராசில் ஏற்றி நிறுத்து, ஒரு சுண்டு நெல்லை எடுத்துவிட்டுத் திரும்ப நிறுத்து, கழித்துப் பார்த்து அந்தச் சுண்டின் நிறையைச் சொல்வது மாதிரி. தராசு பழுது இல்லை, அந்த வேலைக்கான தராசு இல்லை, அவ்வளவுதான். வினா இலட்சக்கணக்கான சேர்மங்களில் எதைப் பரிசோதனைக்கு எடுக்கலாம் என்று வடிகட்டச் செய்யப்பட்டது, அதில் நன்றாகவே உழைக்கிறது.

கணக்கைத் தொடங்குமுன் என்ன கேட்கிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பலருடைய அறிக்கை இங்கேதான் குழம்புகிறது. விகாரம் ஒன்று வந்தால் மூன்று விஷயம் மாறலாம்: புரதம் மடிந்து உறுதியாக நிற்பது, மருந்தைப் பிடிப்பது, தன் இயல்பான வேலையைச் செய்வது. மூன்றும் மூன்று வேறு கணக்குகள், மூன்றுக்கும் வேறு வேறு கருவிகள். எதிர்ப்பு வர வேண்டுமானால் மருந்துப் பிடி தளர வேண்டும், மற்ற இரண்டும் பெரிதாகக் கெடக்கூடாது. மருந்தும் பிடிக்காது, நொதியமும் வேலை செய்யாது என்றால் ஒட்டுண்ணி செத்துவிடும், அப்படி ஒரு விகாரத்தை எந்த நோயாளியிலும் காண மாட்டீர்கள்.

இயல்பான வேலையை மறந்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்குப் புற்றுநோய் மருந்துப் பக்கத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஈஜிஎஃப்ஆர் என்ற புரதத்தில் 790ஆம் இடத்துத் திரியோனின் மெதியோனினாக மாறினால் ஜெஃபிட்டினிப் போன்ற மருந்துகள் பலிக்காது. மெதியோனின் பெரிது, மருந்தை இடித்துத் தள்ளுகிறது என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். 2008இல் அளந்து பார்த்தபோது மருந்தின் பிடி பெரிதாகத் தளரவே இல்லை, அதே இடத்துக்குப் போட்டி போடுகிற ஏரிபி என்ற கலத்தின் சக்தி மூலக்கூறின் பிடிதான் கூடியிருந்தது. மருந்து தோற்றது போட்டியாளன் பலமாகிவிட்டதால். மருந்தை மட்டும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் இதைக் கண்டே பிடிக்க முடியாது. உங்கள் நொதியத்திலும் அதன் இயல்பான உணவான டைஐதரோஃபோலேட் மருந்து இருக்கிற அதே குழிக்குப் போட்டி போடுகிறது, ஆகவே அதையும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள்.

உறுதியைக் கணக்கிட ஃபோல்ட்எக்ஸ் நல்லது. 2002 அளவில் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் பிறந்த கருவி, கல்வித் தேவைக்கு இலவசம், உங்கள் லப்டொப்பில் ஒரு விகாரத்துக்குச் சில நிமிடம்தான் எடுக்கும். ஐதரசன் பிணைப்பு, மின்னேற்றம், உள்ளே புதைந்த நீர்வெறுப்புப் பகுதி, சங்கிலி அசையும் சுதந்திரம் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு வைத்து, பரிசோதனை அளவீடுகளோடு ஒத்துப்போகும்படி எடை போட்டுக் கூட்டுகிறது. முதலில் கட்டமைப்பைச் சரிசெய்கிற கட்டளையை ஓட்டாமல் விகாரத்துக்குப் போகாதீர்கள். படிகக் கட்டமைப்பில் ஏற்கெனவே இருக்கிற சின்னச் சின்ன இடிபாடுகள் எல்லாம் விகாரத்தின் கணக்கில் வந்து ஏறிவிடும். விகாரப் பட்டியலில் எஸ், ஏ, 108, என் என்று சேர்த்து எழுதி முடிவில் அரைப்புள்ளி வைக்க வேண்டும். பழைய அமினோ அமிலம், சங்கிலியின் பெயர், இடம், புதிய அமினோ அமிலம் என்பது அதன் ஒழுங்கு. அந்த அரைப்புள்ளியை விட்டுவிட்டு நிரல் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற பிள்ளைகள் வருடா வருடம் வருகிறார்கள். ஒவ்வொன்றையும் 5 தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். நேர் எண் வந்தால் உறுதி குலைகிறது என்று அர்த்தம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: மருந்து மாதிரியான சிறிய மூலக்கூறுகளை ஃபோல்ட்எக்ஸ் தானாக அறியாது, முதுகெலும்பையும் அசைக்காது. ஆகவே அதில் வருகிற எண்ணை வைத்து மருந்துப் பிடியைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது.

ரொசெட்டா என்ற இன்னொரு கருவி கொஞ்சம் மேலே போய் முதுகெலும்பையும் சற்று அசைய விடுகிறது. நேரம் கூட எடுக்கும், நிறுவுவதும் பாடுதான். திட்டத்துக்கு ஃபோல்ட்எக்ஸ் ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

மருந்துப் பிடிக்கு நம்பக்கூடிய வழி, அணுக்களின் அசைவைக் கணினியில் படிப்படியாக ஓட்டிப் பார்க்கிற மூலக்கூறு இயக்கப் போலச்செய்கையில் ஒரு அமினோ அமிலத்தைப் படிப்படியாக மற்றொன்றாக உருமாற்றுவது. அடிப்படைச் சூத்திரம் 1954இல் சுவான்சிக் எழுதியது, நடைமுறைக்கு வர கணினி வளர வேண்டியிருந்தது. இதில் உள்ள தந்திரம் அழகானது. மருந்து குழிக்குள் போவதை நேரடியாகப் போலச்செய்வது மிகக் கடினம், தண்ணீர் எல்லாம் விலக வேண்டும், புரதம் திறந்து மூட வேண்டும், எவ்வளவு நேரம் ஓட்டினாலும் போதாது. அதற்குப் பதிலாக மருந்து இல்லாத புரதத்தில் செரீனை அஸ்பராஜினாக மாற்ற எவ்வளவு சக்தி என்று ஒரு கணக்கு, மருந்து இருக்கும்போது அதே மாற்றத்துக்கு எவ்வளவு என்று இன்னொரு கணக்கு. கிப்ஸ் சக்தி பாதையைப் பொறுத்தது இல்லை என்று படித்தீர்களே, அதனால் இந்த இரண்டின் வித்தியாசமும் மருந்துப் பிடியில் வந்த மாற்றமும் ஒரே எண். செரீன் அஸ்பராஜினாவது இயற்கையில் இப்படி நடக்கவே நடக்காது, கணினிக்குள் மட்டும் அணுக்கள் மங்கி மறைந்து வேறு அணுக்கள் தோன்றுகின்றன. ஆனாலும் கணக்கு சரியாக வருகிறது.

எவ்வளவு சரி? இமாட்டினிப் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்தின் இலக்கான ஏபிஎல் புரதத்தில் நோயாளிகளிடம் கண்ட 144 விகாரங்களை எடுத்து, 8 மருந்துகளுக்கு எதிராக இந்த முறையில் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. பிழை 1.1 கிலோகலோரி அளவு, எதிர்ப்பா இல்லையா என்று பிரித்ததில் 88 வீதம் சரி. மருந்துக் கம்பனிகள் இதற்குப் பணம் செலவழிப்பதற்குக் காரணம் இதுதான். மருந்து சந்தைக்குப் போகுமுன்னரே எந்த விகாரம் அதைக் கவிழ்க்கும் என்று பார்த்துவிடலாம், அடுத்த மருந்தை அதற்கேற்ப வடிவமைக்கலாம். ஏபிஎல்லில் 315ஆம் இடத்துத் திரியோனின் இமாட்டினிப்புக்கு ஒரு ஐதரசன் பிணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது ஐசோலியூசினானபோது பிணைப்பும் போய் இடமும் அடைபட்டது. 2012இல் அனுமதி பெற்ற பொனாட்டினிப்பில் அந்த இடத்தில் இரண்டு காபன்களுக்கிடையே ஒரு மும்மைப் பிணைப்பை வைத்து, மெலிந்து நேராக ஐசோலியூசினை உரசாமல் கடந்து போகிற மாதிரிச் செய்தார்கள். படத்தில் பார்த்தால் ஒரு கம்பி போகிற இடைவெளிதான் தெரியும்.

உங்கள் டிஎச்எஃப்ஆரிலும் நடந்தது கிட்டத்தட்ட இதே கதைதான், தாய்லாந்துக்காரர் இதில் முன்னோடிகள். 2003இல் கட்டமைப்பை வெளியிட்டார்கள். பிரிமெத்தமினில் குளோரின் தாங்கிய ஒரு வளையம் இருக்கிறது, அது விறைப்பாக 108ஐப் பார்த்து நிற்கிறது. செரீன் சின்னது, பிரச்சினை இல்லை. அஸ்பராஜின் வந்தால் அதன் பக்கச்சங்கிலி நேரே அந்த வளையத்தில் முட்டும். டபிள்யூஆர்99210 என்ற பழைய சேர்மத்தில் அதே இடத்தில் வளையக்கூடிய சங்கிலி ஒன்று இருந்ததால் முட்டாமல் விலகி இருந்துகொண்டது. அந்தப் பாடத்தைப் படித்துத்தான் பி218 என்ற சேர்மத்தை வடிவமைத்து 2012இல் வெளியிட்டார்கள், பிறகு அது மனிதரில் முதற்கட்டப் பரிசோதனைக்கும் போனது. அதில் இன்னொரு கெட்டித்தனம் உண்டு. நொதியம் தன் இயல்பான உணவைப் பிடிக்கப் பயன்படுத்துகிற 122ஆம் இடத்து அர்ஜினினையே மருந்தும் பிடித்துக்கொள்கிறது, மருந்தின் உடம்பு இயல்பான உணவு இருக்கிற இடத்துக்கு வெளியே பெரிதாக நீட்டவில்லை. ஒட்டுண்ணி மருந்தை உதற அந்த அர்ஜினினை மாற்றினால் தன் சோற்றையும் சேர்த்து உதற வேண்டும். எச்ஐவி மருந்து டருனாவிர் பக்கத்திலும் இதே யோசனைதான் ஓடியது.

இப்போது அல்பாஃபோல்ட். உங்கள் ஆசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம், ஒரு சோதனை செய்து காட்டுங்கள். 108இல் செரீனோடு ஒரு தடவை, அஸ்பராஜினோடு ஒரு தடவை கட்டமைப்பைக் கணித்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். கிட்டத்தட்ட ஒரே படம்தான் வரும். ஆயிரக்கணக்கான உறவுப் புரதங்களின் தொடர்வரிசையிலிருந்து பொதுவான மடிப்பைக் கற்றது அது, ஒரு எழுத்து மாறினால் சக்தி எவ்வளவு மாறும் என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டமைப்பே இல்லாத புரதத்துக்கு அது பெரிய வரம், 2024இல் நோபல் பரிசு கிடைத்ததும் நியாயம். ஆனால் உங்கள் புரதத்துக்கு மருந்தோடு சேர்ந்த படிகக் கட்டமைப்பே புரதத் தரவு வங்கியில் இருக்கிறது: இயல்பானது 1-ஜே-3-ஐ, 59உம் 108உம் மாறியதோடு பிரிமெத்தமின் சேர்ந்திருப்பது 1-ஜே-3-ஜே, நாலும் மாறியது 1-ஜே-3-கே. அதை விட்டுக் கணிப்புக்கு ஏன் போக வேண்டும்?

அல்பாமிசென்ஸ், ஈஎஸ்எம் போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகளையும் சிலர் சொல்வார்கள். அல்பாமிசென்ஸ் 2023இல் மனிதப் புரதங்களின் 7 கோடி 10 இலட்சம் ஒற்றை மாற்றங்களுக்கு நோய் தருமா என்று மதிப்பிட்டது. அது மனிதருடையது, ஒட்டுண்ணிக்கு இல்லை. ஈஎஸ்எம் எந்தப் புரதத்தையும் வாசிக்கும், இந்த இடத்தில் இந்த அமினோ அமிலம் பரிணாமத்தில் வழக்கமா என்று சொல்லும். மருந்து என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. முன்பு சொன்ன மூன்று கணக்குகளில் கடைசி இருந்ததே, நொதியம் இயல்பாக வேலை செய்யுமா என்பது, அதற்கு மலிவான ஒரு துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் இலவசமாகக் கணினி தருகிற கூகிள் கொலாப்பில் சில நிமிட வேலை.

இன்னும் மலிவான சாட்சி ஒன்று உண்டு, கணினியே வேண்டாம், பேப்பரும் பென்சிலும் போதும். உயிரியல் பக்கம் உங்களுக்கு நண்பர் இருந்தால் இதை அவரிடம் கொடுங்கள். 108ஆம் இடத்துச் செரீனை எழுதுகிற டிஎன்ஏ எழுத்து மும்மை ஏஜிசி. ஒரு எழுத்தை மட்டும் மாற்றினால் எந்தெந்த அமினோ அமிலம் வரும் என்று எழுதிப் பாருங்கள்: அர்ஜினின், கிளைசின், சிஸ்டீன், அஸ்பராஜின், திரியோனின், ஐசோலியூசின். ஆறுதான். 19 மாற்றங்களையும் கணக்கிட்டு "திரிப்டோபன்தான் மிகப் பெரிய எதிர்ப்பு" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒட்டுண்ணிக்கு அங்கே போக ஒரே தாவலில் வழியில்லை. ஆறையும் மட்டும் எடுத்து உறுதிக் கணக்குச் செய்தால் வேலையும் மூன்றில் ஒன்றாகும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். லப்டொப்பில் ஃபோல்ட்எக்ஸ், படங்கள், பகுப்பாய்வு எல்லாம் நடக்கும். உருமாற்றக் கணக்கை அதில் ஓட்ட வேண்டாம், சூட்டில் விசிறி கத்துகிற சத்தம்தான் மிஞ்சும். கூகிள் கொலாப்பின் இலவச ஜிபியுவில் குரோமாக்ஸ் என்ற போலச்செய்கை நிரல் ஓடும், விகாரத்துக்கான கலப்பு அமினோ அமிலத்தை உருவாக்க பிஎம்எக்ஸ் என்ற இலவசப் பொதி இருக்கிறது. கொலாப் இடையில் அறுத்துவிடும், இங்கே மின்சாரமும் வலையமைப்பும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஓட்டத்தின் நிலையைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ட்ரைவில் சேமிக்கிற மாதிரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். இந்தப் புரதம் முழுதாக 608 அமினோ அமிலம், இரண்டு நொதியங்கள் ஒட்டின இரட்டை. டிஎச்எஃப்ஆர் பகுதி முதல் 230 அளவுதான், மிச்சத்தை வெட்டிவிட்டால் புரதத்தையும் தண்ணீரையும் வைத்து ஓட்டுகிற பெட்டி சிறிதாகும், ஓட்டம் வேகமாகும். வெட்டினேன் என்று அறிக்கையில் எழுதுங்கள்.

என்ஏடிபிஎச் துணைமூலக்கூறை வெட்டிவிடாதீர்கள். அது குழியின் ஒரு சுவர் மாதிரி இருக்கிறது, அதைத் தூக்கினால் மருந்து அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதைவிட முக்கியம் பிரிமெத்தமினின் மின்னேற்றம். குழிக்குள் இருக்கும்போது அதன் ஒரு நைதரசன் புரோத்தன் ஒன்றை ஏற்று நேர் ஏற்றத்தோடு 54ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தின் எதிர் ஏற்றத்தைப் பிடித்துக்கொள்கிறது. தரவு வங்கியிலிருந்து மருந்தை இறக்கி நிரலில் அப்படியே போட்டால் அந்தப் புரோத்தன் இருக்காது, ஐதரசன்களைச் சேர்க்கிற கருவியும் பெரும்பாலும் ஏற்றமில்லாமலே சேர்த்துத் தரும். பிறகு எத்தனை நாள் ஓட்டினாலும் குப்பைதான். நான் பார்த்த மாணவர் அறிக்கைகளில் பாதிக்குமேல் விழுகிற குழி இதுதான், யாரும் கேட்கிறதும் இல்லை.

எந்த விகாரத்திலிருந்து தொடங்குவது? 108இலிருந்து. செரீனும் அஸ்பராஜினும் இரண்டுமே மின்னேற்றம் இல்லாதவை, மருந்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 59ஐ முதலில் தொடாதீர்கள். சிஸ்டீன் அர்ஜினினாகும்போது பெட்டியின் மொத்த ஏற்றம் மாறுகிறது, அதைச் சரிக்கட்ட தண்ணீரில் ஒரு அயனையும் கூடவே உருமாற்ற வேண்டும், போதாததற்கு 59உம் 51உம் மருந்தை நேரே தொடுபவை அல்ல, முதுகெலும்பைத் தள்ளித் தூரத்திலிருந்து வேலை செய்கின்றன. அந்த அசைவு வெளிப்பட நீண்ட ஓட்டம் தேவை. 108 சரியாக வந்த பிறகு பார்க்கலாம்.

வந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்க இரண்டு சோதனை. முதலாவது திருப்பிச் செய்வது: செரீனிலிருந்து அஸ்பராஜினுக்குப் போனால் வருகிற எண்ணும், அஸ்பராஜினிலிருந்து செரீனுக்குத் திரும்பினால் வருகிற எண்ணும் குறி மாறி ஒரே அளவாக இருக்க வேண்டும். உறுதிக் கணக்குக் கருவிகள் பல இதில் தோற்கின்றன. விகாரம் என்றாலே கெடுதல் என்று சொல்லப் பழகியவை, ஏனென்றால் பழக்கிய தரவில் பெரும்பாலானவை கெடுப்பவை. உருமாற்றக் கணக்கில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி வந்தால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். ஒரே ஓட்டத்தை வேறு வேறு தொடக்க வேகங்களோடு மூன்று தடவையாவது ஓட்டிச் சிதறலையும் எழுதுங்கள். சிதறல் இல்லாமல் ஒற்றை எண் மட்டும் தந்தால், நான் பரிசோதகராக இருந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவேன்.

இரண்டாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 16இல் அலனின் வேலினாகவும் 108இல் செரீன் திரியோனினாகவும் சேர்ந்து மாறினால், சைக்ளோகுவானில் என்ற மருந்துக்கு எதிர்ப்பு வரும், பிரிமெத்தமின் மட்டும் தொடர்ந்து பிடிக்கும். இரண்டு மருந்தும் வடிவத்தில் உறவுக்காரர், ஒரே குழிக்குள் போகின்றன. எல்லா விகாரத்தையும் "எதிர்ப்பு" என்று சொல்கிற முறை 108 அஸ்பராஜினில் தற்செயலாகச் சரியாகிவிடும், இந்தச் சோடியில் பிடிபட்டுவிடும். வினாவிலும் இதை ஒருக்கா ஓட்டி, அட்டவணையில் பக்கத்துப் பக்கமாக வையுங்கள். அங்கே உங்கள் பழைய உழைப்பும் வீணாகாது, எந்தக் கருவி எங்கே தடுக்குகிறது என்று காட்டுகிற பகுதியாகிவிடும்.

மருந்தே புரதமாக இருக்கிற பக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே விகாரத்தை நாமே விரும்பிச் செய்கிறோம். நீரிழிவுக்காரருக்குக் கொடுக்கிற இன்சுலின் லிஸ்புரோ 1996இல் வந்தது. பி சங்கிலியில் 28ஆம் இடத்துப் புரோலீனும் 29ஆம் இடத்து லைசினும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். இன்சுலின் மூலக்கூறுகள் சோடி சேர்ந்து ஒட்டுவது அதனால் குறைந்து, ஊசி போட்டதும் வேகமாக இரத்தத்துக்குள் போகிறது. இப்போது அதைத் தாண்டி முழுப் புரதத்தையே கணினியில் வரைகிறார்கள். 2025 ஜனவரியில், புரத வடிவமைப்புக்கு நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழுவினரும் சேர்ந்து, நல்லபாம்பு வகையறாவின் நஞ்சிலுள்ள முவ்விரல் நச்சுகளைப் பிடிக்கிற சின்னப் புரதங்களை வடிவமைத்து எலிகளைக் காப்பாற்றினார்கள். வயல் வேலைக்கு வெறுங்காலோடு போகிற எங்கள் சனத்துக்கு இது ஆறுதலான செய்திதான், ஆனால் புடையனின் நஞ்சு வேறு வகை, அதற்கு இது உதவாது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் குதிரைச் சீரத்தைத்தான் ஏற்ற வேண்டும்.

உங்கள் திட்டத்துக்குத் திரும்பினால், 164ஐயும் நாலு விகாரச் சேர்க்கையையும் நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். 108 அஸ்பராஜினும், 16உம் 108உம் சேர்ந்த சோடியும், இரண்டு மருந்துக்கும், மும்மூன்று ஓட்டமும் சிதறலும், கூடவே அந்த ஆறு மாற்றங்களின் உறுதிக் கணக்கும் இருந்தால் இறுதியாண்டுக்கு அது தாராளம். பிரிமெத்தமினின் ஏற்றத்தை எப்படிப் போடுவது என்று தட்டுப்பட்டால் உங்கள் உள்ளீட்டுக் கோப்பை அனுப்புங்கள், ஓட்டத்தைத் தொடங்குமுன் பார்த்துச் சொல்கிறேன், தொடங்கின பிறகு இல்லை.